அரிசிக்குள் புதைத்த குரல்

முதலில் ஒரு வேண்டுகோள். தண்ணீரில் விழுந்த போனை அரிசிப் பைக்குள் புதைத்தபடியே தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரித்தே ஆகவேண்டுமென்றால், அவர்கள் படியிறங்கிக் கொழும்புக் காலி வீதியின் வாகனச் சத்தத்தில் கரையும் வரைக்கும் பொறுத்திருங்கள். இந்த அறிவுரையைத் தருகிறவன் அதை ஒருநாளும் கடைப்பிடித்தவன் அல்லன் என்பதையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை ரிப்பேர் கடையின் வேலை மேசையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனதற்கு வயது காரணம் அல்ல. ஐம்பதுகளின் நடுவில் நிற்பவனைக் கிழவன் என்று சொல்ல என் மனைவிக்கு மட்டுமே உரிமை உண்டு. கண்தான் காரணம். சாலிடரிங் அயனின் நுனி எனக்கு இரண்டாகத் தெரியத் தொடங்கியது. எது உண்மையான நுனி என்பதை ஒவ்வொரு முறையும் என் விரல்தான் கண்டுபிடித்துச் சொன்னது. விரலும் ஒரு கட்டத்தில் வேலையை விட்டு விலகப்போவதாக மிரட்டியதால் நான் முந்திக்கொண்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் என்னைக் காணும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சேர், பதறாமல் வேலை செய்யிறது எப்பிடி?" கேள்வி நல்ல கேள்விதான்; கேட்கிற ஆள்தான் பிழை. பதறாமல் வேலை செய்வது எப்படி என்று எனக்குத் தெரியாது. பதறிக்கொண்டே வேலை செய்வது எப்படி என்று கேளுங்கள், அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கை நடுங்கும்போது எந்தப் பொருளைக் கீழே வைக்க வேண்டும், யாருடைய முகத்தைப் பார்க்கக்கூடாது, 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு எங்கே ஒளிய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

சம்பவத்துக்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சரித்திரம். கொட்டாவி விடாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம் தொழிலில் வந்து விழுகிற சாமான்கள் எல்லாம் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் கண்டுபிடிக்கப்பட்டவை என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படித்த மனிதர், காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். டிரான்சிஸ்டர் என்கிற அந்தச் சின்ன மூன்றுகால் பூச்சி, சட்டைப்பை ரேடியோவுக்குள் போவதற்கு முன்பே காது கேட்கும் கருவிக்குள் போய்விட்டது. நீங்கள் நாள் முழுக்கத் தட்டுகிற எழுத்துப் பலகை இருக்கிறதே, அதன் மூதாதைகளில் ஒன்று, பார்வை இழந்த ஒரு பெண் தன் கையாலேயே எழுதவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டதாம். யாரோ ஒருவருக்கு உடம்பில் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. அவருக்காக இன்னொருவர் மண்டையை உடைத்திருக்கிறார். மிச்சப்பட்டதில்தான் நாம் எல்லாரும் பாட்டுக் கேட்கிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்தேன். ஆனால் விளங்கிக்கொண்டது மஹ்ரூப் நானாவிடம்.

மஹ்ரூப் நானா, கடையில் எல்லாருக்கும் அண்ணன் முறை, மாளிகாவத்தைக்காரர். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர். அவருடைய தொண்டையைப் பற்றி அங்கே கதைகள் உண்டு. அவர் கடை வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த குறுக்குத் தெருவில் போகிறவரும் திரும்பிப் பார்ப்பாராம். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்றுவதற்காக டொக்டர்மார் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பிறகு, கழுத்தின் அடியில் இருக்கிற ஒரு சின்னத் துளையால் மூச்சு; பேச்சுக்குக் கையடக்கமான ஒரு கருவி. டோர்ச் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானைத் தட்டினால் அதன் தலை அதிரும். அந்த அதிர்வு தொண்டைக்குள் போகும், நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்கும். இயந்திரம் பேசுகிற மாதிரி ஒரே சுருதியில் வரும். ஆனாலும் பேச்சு பேச்சுதான். பற்றரி மாற்ற இரண்டொரு தடவை நம் கடைக்கு வந்திருக்கிறார். அந்த ரீங்காரத்திலேயே விலையையும் குறைக்கச் சொல்லிக் கேட்பார், அதுவும் வெற்றியோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடப் போவதற்காகக் கதவைப் பாதி சாத்தியிருந்தேன். வாசலில் ஒரு திரீவீல் வந்து நின்றது. முதலில் இறங்கியது அவருடைய தங்கை, எனக்கு அக்கா முறையான பரீனா ராத்தா. கல்யாண வீட்டு உடுப்பு, கையில் குழந்தையை அணைத்த மாதிரி ஓர் அரிசிப் பை. பின்னால் மஹ்ரூப் நானா. வெள்ளைச் சட்டை, கழுத்தில் மடித்துக் கட்டிய புதுக் கைக்குட்டை. முகம் மட்டும் கல்யாண முகமாக இல்லை.

"என்ன ராத்தா, அரிசியும் கையுமா?"

"தம்பி, சிரிக்க வாணாம். நானாட மெஷின் சர்பத்துல விழுந்திட்டு."

பைக்குள் கையை விட்டுத் துழாவி அதை வெளியே எடுத்தார். எள்ளுருண்டையில் எள் ஒட்டியிருக்கிற மாதிரி, கருவி முழுக்க அரிசி.

"சர்பத்தா? தண்ணி இல்லையா?"

"நன்னாரிச் சர்பத். கல்யாண ஊடு தானே, புள்ளயள் ஓடித் திரியுது. மேசையில வெச்சீந்தார், ஆரோ தட்டிட்டாங்க, ஒரேயடியா ஜக்குக்குள்ள. நான்தான் ஒடனே எடுத்து அரிசிக்குள்ள போட்டேன். பிரியாணிக்கு வெச்சீந்த பாசுமதி தம்பி! லேசான அரிசியில போடல்ல."

விலை கூடிய அரிசி கூடுதலாக ஈரம் உறிஞ்சும் என்று அவர் நம்பியிருந்தார். இப்படி ஒரு பிழையை நம் ஊர்க் கல்யாண வீட்டில் மட்டும்தான் செய்ய முடியும். தண்ணீர் என்றால் காய்ந்திருக்கும். சர்பத் என்பது சீனிப்பாகு. சீனிப்பாகுக்குள் அரிசித் தூளைக் கலந்து, வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்தால் என்ன வரும்? பசை. பட்டம் ஒட்டுகிற பசை. அந்தப் பசைக்குள்ளே ஒரு மனிதனுடைய பேச்சு மாட்டிக்கொண்டு நின்றது.

"எப்ப மகளுக்கு நிக்காஹ்?"

"இண்டைக்கு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு. எங்கட பள்ளிவாசல்ல."

மகளின் நிக்காஹில் வாப்பாதான் மாப்பிள்ளையிடம், 'என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்' என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளை 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டும். நிக்காஹின் உயிர் அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. வாப்பாவால் முடியாவிட்டால் அந்தப் பொறுப்பை மௌலவியிடம் ஒப்படைக்கலாம். மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது, நல்ல தொண்டையோடு இருக்கிற வாப்பாமார்களே கூச்சத்தில் அப்படிச் செய்வதுண்டு என்று ராத்தா சொன்னார். மௌலவியும் போனில் அதைத்தான் சொல்லியிருந்தாராம். ராத்தா சொல்லி முடிப்பதற்குள் மஹ்ரூப் நானா தலையை ஆட்டினார். 'அது முடியாது' என்கிற தலையாட்டல்.

நான் ஒரு வேலையைத் தொடங்கும்போது வழமையாகச் சொல்கிற அந்தப் பொய்யைச் சொன்னேன். "ஒண்டும் யோசிக்காதேங்கோ நானா. சின்ன விசயம்."

கருவியைத் திறந்தேன். ஸ்பிரிட் ஊற்றிப் பசையைக் கரைத்தேன். அரிசி ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. தலைக்குள்ளே ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும், அதன் நடுவே ஒரு குட்டிச் சுத்தியல் முன்னும் பின்னும் ஓடும். சுத்தியல் உறைந்துபோய் இருந்தது. மெல்ல அசைத்தேன். அது அசைந்தது. அசைந்த சந்தோசத்தில் பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம், கொசு தும்மியது போல. அதோடு அமைதி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். கம்பிச்சுருள் உள்ளே எங்கோ அறுந்துவிட்டது. தலைமயிரை விட மெல்லிய கம்பி. பசை அதையும் சேர்த்து இறுக்கியிருந்தது.

புதுக் கருவி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஆஸ்பத்திரிக் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை பூட்டு. வத்தளையில் இதே கருவியை வைத்திருக்கும் ஒருவர் உண்டு என்று நானா சைகையில் சொன்னதும் நான் பாய்ந்து அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. குரல்வளை இல்லாத ஒரு மனிதரைப் போனில் கூப்பிட்டுவிட்டு, அவர் ஏன் ஹலோ சொல்லவில்லை என்று நான் கோபப்பட்டேன். என் பதற்றம் அறிவாளிப் பதற்றம் அல்ல.

அப்போது நம் தர்ஷினி கடையில் சேர்ந்த புதிது. இன்று உங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருக்கிற அதே தர்ஷினிதான். அவள் தன் போனை நீட்டினாள்.

"சேர், இதில டைப் பண்ணினா இது வாசிக்கும். நானா எழுதட்டும், போன் சொல்லட்டும்."

நல்ல யோசனை. தட்டிப் பார்த்தாள். 'என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்' என்று போனுக்குள் இருந்து ஒரு பெண்மணி சொன்னார். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற தொனி. மஹ்ரூப் நானாவின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு போனைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், கையை விரித்தார்.

ராத்தா உடனே மொழிபெயர்த்தார். "நானா செல்லுறார், பொம்புளக் கொரல்ல வாப்பா பேசினா மாப்பிள்ள ஊட்டாக்கள் எனத்த நெனப்பாங்க எண்டு."

நானா தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்ப, மாப்பிள்ளட உம்மா ஏலவே கொற செல்லுற மனிசி எண்டு செல்லுறீங்களா?"

அதற்கும் தலையை ஆட்டினார். தர்ஷினியிடமிருந்து போனை வாங்கி, தானே தட்டினார். போனின் பெண்மணி வாசித்தார்:

"அவ பொறந்தவுடன காதுல அல்லாஹு அக்பர் எண்டு பாங்கு சொன்னது இந்த வாய். இதுவும் இந்த வாயாலதான் செல்லோணும்."

தர்ஷினி திரும்பி நின்று எதையோ தேடுகிற மாதிரி மேசை லாச்சியைத் திறந்தாள். அந்த லாச்சியில் பழைய ரிமோட்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"அஞ்சு நிமிசம்," என்று சொல்லிவிட்டு நான் பின்னறைக்கு ஓடினேன்.

பின்னறையில் ஒரு பழைய பிரிஜ் இருந்தது. உங்களுக்குத் தெரியும், ஓடத் தொடங்கினால் சுவரையே கூட்டிக்கொண்டு ஆடும். நான் அதில் நெற்றியை வைத்துச் சாய்ந்தேன். பிரார்த்தனை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கடையைப் பூட்டிவிட்டுப் பின்கதவால் போனால் எந்த ஒழுங்கை வழியாக ஓடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கை எங்கே போய் முடிகிறது? கடற்கரையில். அதுக்கு மேல் ஓட இடமில்லை. நாசமாய்ப் போக என்று சொல்ல வாயைத் திறந்தபோது பிரிஜின் அதிர்வு நெற்றி வழியாக இறங்கிப் பல்லுக்குள்ளே கூசியது.

அந்தக் கூச்சத்தில்தான் எப்போதோ படித்த ஒரு கதை ஞாபகம் வந்தது. மின்சார ஷேவர் புதிதாக வந்த காலத்தில் ஒரு மனிதர் தன் கழுத்தைச் சவரம் செய்துகொண்டிருந்தாராம். ஷேவர் தொண்டையில் பட்டபோது அவர் சும்மா வாயை அசைத்தாராம். ஷேவரின் ரீங்காரம் சொற்களாக வெளியே வந்ததாம். குரலைத் தொண்டைக்கு வெளியே இருந்து கடன் கொடுக்கலாம் என்று அன்று குளியலறையில் ஒருவருக்கு விளங்கியிருக்கிறது. அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அன்று மழிக்காமல் விட்டிருந்தால் நான் இன்று கடலுக்குள்தான் நின்றிருப்பேன்.

அதுவரை நான் அந்தக் கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எப்படி எழுப்புவது, கம்பியை எங்கே ஒட்டுவது, சுருளை எப்படி மறுபடி சுற்றுவது என்று. மஹ்ரூப் நானாவுக்கோ அன்று பின்னேரம் அந்தக் கருவி தேவையாக இருக்கவில்லை. அவருக்குத் தேவை ஓர் அதிர்வு, ஒரு வாக்கியத்துக்குப் போதுமான அளவு. வாய் அவருடையது, நாக்கு அவருடையது, சொல் அவருடையது. இதை நான் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள். அவர் போனில் தட்டியே சொல்லியிருந்தார். நான்தான் அதைத் துக்கமாக மட்டும் கேட்டேன், வேலைக்கான அளவுக் குறிப்பாகக் கேட்கவில்லை.

பக்கத்தில், நான் சிங்களத்தில் மல்லி, தம்பி என்று கூப்பிடுகிற சுனிலின் சலூன். பாய்ந்து உள்ளே போனேன். ஒருவருக்குப் பாதித்தலை வெட்டியிருந்தான்.

"மல்லி, வயர் உள்ள பழைய முடிவெட்டுற மெஷின் இருக்கா? அந்தச் சத்தம் போடுறது?"

சுனில் என் தலையைப் பார்த்தான். உங்களுக்குத் தெரியும், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "அய்யே," என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான், பிறகு சிங்களத்தில் மிக மரியாதையாக, வெட்டுவதற்கு உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டான். கதிரையில் பாதித்தலையோடு இருந்தவர் வரைக்கும் சிரித்தார். நான் விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவன் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு கனத்த கருப்பு மெஷினை எடுத்துத் தந்தான். துணியால் அதைத் துடைத்துத் துடைத்துத் தந்தான்.

இனி வருகிறதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் அன்று செய்தது எல்லா நாளும் செய்கிற வேலை இல்லை. வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற ஒரு சாமானை ஒரு மனிதரின் கழுத்தில் வைக்கப்போகிறேன். அந்தக் கழுத்தில் அவர் மூச்சுவிடுகிற துளையும் இருக்கிறது. பிளேடைக் கழற்றினேன். உள்ளே ஒரு மயிர்த் துணுக்கும் இருக்கக்கூடாது, அவர் உள்ளே இழுத்துவிடுவார். தர்ஷினி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துத் துப்புரவாக்கினாள். வயர் முழுக்க, உடம்பு முழுக்க, எங்கேயாவது மின்சாரம் கசிகிறதா என்று மீட்டரால் தேடினேன். இல்லை. இன்னொரு தடவை தேடினேன். இல்லை. மூன்றாவது தடவை தேடப் போனபோது தர்ஷினி மீட்டரை என் கையிலிருந்து பறித்தாள்.

"சேர், இது இனி செக் பண்ணுறது இல்ல. இது பயம்."

உண்மைதான். எதைச் சோதனை என்றும் எதைப் பயம் என்றும் பிரித்துச் சொல்கிற ஒருவர் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆள் உங்களை விட இளையவராக இருந்தால் இன்னும் நல்லது, நீங்கள் கோபித்துக்கொள்ள வெட்கப்படுவீர்கள்.

பிளேடை ஆட்டுகிற சின்ன இரும்புக் கையின் நுனியில், ஒரு பழைய ரேடியோவின் வால்யூம் குமிழை ஒட்டினோம். வழவழப்பானது, கழுத்தில் குத்தாது. முதலில் என் கழுத்தில் வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, தொண்டையால் ஒரு சத்தமும் போடாமல், வாயை மட்டும் அசைத்தேன்.

"வணக்கம், டெஸ்டிங்," என்றது என் வாய். தகரத்தில் தேனீ புகுந்த மாதிரி. ஆனால் விளங்கியது.

"சேர்!" என்றாள் தர்ஷினி. "உங்கட சொந்தக் குரலை விட இது நல்லாயிருக்கு!"

மெஷினை மஹ்ரூப் நானாவிடம் கொடுத்தேன். அவர் எனக்கு மேல் கெட்டிக்காரர். எந்த இடத்தில் வைத்தால் சொல் தெளியும் என்பது அவருக்குத்தான் தெரியும். துளைக்கு மேலே, தாடைக்கு அடியில், கொஞ்சம் இடப்பக்கம். அழுத்தினார். கண்ணை மூடினார். ராத்தா நடுவில், "நானா, மெதுவா, நானா, கரண்டு, நானா, நான் செல்லுறன் கேளுங்க..." என்று தொடங்கிவிட்டார்.

புது மெஷினில் மஹ்ரூப் நானா சொன்ன முதல் வாக்கியம், தங்கைக்கு.

"கொஞ்சம் பேசாம இரி."

ராத்தா அழுதார். அடுத்த கணமே சிரித்தார். "இது நானாதான். அல்லாஹ்வே, இது எங்கட நானாவேதான்."

என்னை அவர்கள் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நானா என் சட்டையைப் பிடித்துத் திரீவீலுக்குள் இழுத்தார். "இது ஒங்கட கைவேல," என்றாராம் உதட்டால். இந்த முறை ராத்தாவின் மொழிபெயர்ப்பை அவர் மறுக்கவில்லை. போகும் வழி முழுக்க, ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீதி விட்டுத் தந்தது. நான் மட்டும் ஒவ்வொரு சிக்னலிலும் கரண்ட் இருக்கிறதா என்று கடைகளின் மின்விளக்கை எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். இந்த நாட்டில் இருக்கிற எல்லாச் சாமானுக்கும் பற்றரி உண்டு, நான் கண்டுபிடித்ததற்கு மட்டும் வயர்.

பள்ளியில் காலைக் கழுவினேன். யாரோ ஒருவர் என் வெறும் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியை அன்போடு வைத்துவிட்டார். மண்டபத்தில் மௌலவி, மாப்பிள்ளை, இரு வீட்டு ஆண்கள். பெண்கள் வீட்டில், மணப்பெண்ணும் வீட்டில்தான். ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு போன் திறந்த அழைப்பில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிளக்கைக் கையில் எடுத்தேன். மெஷினுக்கு இரண்டு உருண்டைக் கால். சுவரில் இருப்பது மூன்று சதுரத் துளை. வருசக் கணக்காக மற்றவர்களுக்குப் பிளக் மாற்றிக் கொடுத்தவன், கடையில் போட்டுச் சோதித்த மாற்றுப் பிளக்கைக்கூடக் கொண்டுவராமல் வந்திருக்கிறேன். மாளிகாவத்தை மண்டபத்தில், தொப்பியோடு, இரண்டு கால் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேனையை எடுத்து நீட்டினார். இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. மேல் துளையில் பேனையைச் செருகினால் கீழ்த் துளைகள் இரண்டும் திறக்கும். வீட்டிலும் செய்யாதீர்கள், கடையிலும் செய்யாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சத்தம் போட்ட அதே வேலை. பிளக் போனது. ஆனால் தளர்ந்து ஆடியது. நான் சுவரோரமாக நிலத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் பேனையையும் மறு கையால் பிளக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோலத்தில்தான் நான் அந்த நிக்காஹைப் பார்த்தேன்.

மௌலவி தலையசைத்தார். மஹ்ரூப் நானா மெஷினைத் தாடைக்கு அடியில் வைத்துச் சுவிட்சைத் தட்டினார். மைக் அந்த ரீங்காரத்தைப் பிடித்து மண்டபம் முழுக்கப் பரப்பியது. அம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது என்று நினைத்து, பாங்கு சொல்லும் மோதினார் எழுந்து ஓடப் பார்த்தார். யாரோ அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இருத்தினார்கள்.

ரீங்காரம் சொல்லாக மாறியது.

"என். மகள. உங்களுக்கு. மணமுடிச்சு. தந்தன்."

ஒவ்வொரு சொல்லையும் தனியாக வைத்தார், பட்டுத் துணியை ஒவ்வொரு மடிப்பாக மேசையில் விரித்துக் காட்டுவது போல. இடையில் ஒரு தடவை என் கை வேர்த்துப் பிளக் வழுக்கியது. சத்தம் ஒரு கணம் தொய்ந்தது. நான் என் முழு உடம்பையும் அந்தச் சுவரில் சாய்த்தேன். சொல் நின்று பிடித்தது. போனின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் "வாப்பா" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

இனி மாப்பிள்ளை சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நல்ல வாட்டசாட்டமான இளைஞர், தொண்டையில் ஒரு குறையும் இல்லை. வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. நெற்றியில் வேர்வை. மௌலவி அவர் காதுக்குள் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். அப்போதும் காற்றுத்தான் வந்தது. பதற்றம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த நான் ஒருவன், சுவரோரத்தில் இருந்து அந்தப் பிள்ளைக்காக எச்சில் விழுங்கினேன்.

மஹ்ரூப் நானா மெதுவாக மெஷினை மறுபடி தாடைக்கு அடியில் வைத்தார்.

"பயப்பட வாணாம் மகன். வயர் எனக்குத்தான் பூட்டியிருக்கு."

மண்டபம் வெடித்தது. மௌலவி தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனுக்குள்ளிருந்து பெண்கள் கூட்டமாகச் சிரிப்பதும், அதற்கு மேலே ராத்தாவின் சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பிலேயே மாப்பிள்ளையின் தொண்டை திறந்தது. "ஏற்றுக்கொண்டேன்," என்றார், மைக் தேவையில்லாத அளவுக்குச் சத்தமாக.

அன்றைக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருந்தேன், இன்றும் அப்படித்தான். கழுத்தை மழித்த அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கா, பாதித்தலையை அப்படியே விட்டுவிட்டு மெஷினைத் துடைத்துத் தந்த சுனிலுக்கா, மீட்டரைப் பறித்த தர்ஷினிக்கா, பேனை கொடுத்த பெரியவருக்கா. பதறுகிறவனுக்கு உலகத்தில் கடன் அதிகம். அதனால்தான் இந்தத் தொழிலில் என்னை ஒருநாளும் பெரிய ஆளாக நினைக்க முடியாமல் போய்விட்டது. உங்களுக்கும் அது முடியாமல் போக வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம்.

துஆப் பிரார்த்தனை முடிந்து எல்லாரும் எழுந்து ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். மௌலவி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இப்ப கைய எடுக்கலாம் தம்பி. நிக்காஹ் முடிஞ்சிட்டு."

நான் எடுக்கவில்லை. மஹ்ரூப் நானா ஒவ்வொருவராகப் பிடித்து, வயர் எட்டுகிற தூரம் வரைக்கும் நடந்து நடந்து, இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.